கூரைமேல் தோட்டம், கைமேல் பலன்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

கட்டடக் கலையில் கரைகண்டவரும், கம்பி, ஜல்லி, சிமெண்டு தவிர உலகில் வேறெதையும் நம்பாதவருமான தங்களுக்கு, எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் எங்கள் தலைக்கு மேலுள்ள கூரையும் நலம். கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும். கூரை நலம். அது விழவில்லை. அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், அறைக்கு ஒன்றாக உறுமிக்கொண்டிருக்கும் ஏசி இயந்திரங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று மாலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. அதில் "பசுங்கூரையால் சுற்றுச்சூழலுக்கு விளையும் நன்மையும் தீமையும்: ஒரு மதிப்பீடு" என்ற அறிக்கையை நான் நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள் மச்சான். கொட்டாவி விடுவதற்காகக் கையைத் தூக்கியவர்கூட, மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார். தோட்டம் நிலைத்துவிட்டது. நிலைத்ததோடு நிற்காமல் பரவவும் போகிறது. என்ன ஆயிற்று என்று முதலிலிருந்து சொல்கிறேன். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நடுநடுவே தங்களைப் பற்றியும் வரும்.

சென்ற கோடையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீடு அடுப்பில் வைத்த வாணலியாகக் காய்ந்தது. தங்கள் தங்கைக்கு வெக்கை தாங்காமல் தலைசுற்றல் வந்து, தாங்களே வந்து அழைத்துக்கொண்டு போனீர்கள். கோடை முடியும்வரை அவள் அங்கே இருந்தாள், நான் இங்கே இருந்தேன். பேச ஆளில்லாமல் ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தேன், அது பதில் சொன்ன நாட்களும் உண்டு. சண்டை போட ஆளில்லாத வீடு என்ன வீடு? இன்னொரு கோடை அப்படிப் போகக் கூடாது என்றுதான் கூரைமேல் தோட்டம் போட்டேன். ஊருக்காக, பறவைகளுக்காக, வருங்கால சந்ததிக்காக என்று சங்கத்தில் நான் பேசியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் காரணம் உங்கள் தங்கை. இதைக் கேட்டதும் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "மாப்பிள்ளை, மண்ணு தண்ணி குடிச்சா எருமை கனம் கனக்கும். ஒருநாள் கூரை உங்க மடியில வந்து உக்காரும். அதுக்கு முன்னாடி என் தங்கச்சிய பஸ் ஏத்தி விட்டுருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தின் உச்சி மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. எதிர்வாசல், பணியிலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியருடையது. கூரையில் எங்கள் தலைக்கு மேலுள்ள பாதியில் நான் நீர் புகாத விரிப்பை விரித்து, அதன்மேல் ஒரு சாண்கூட இல்லாத உயரத்துக்கு மண் பரப்பி, புல்லும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் தடித்த இலைச் செடிகளும் நட்டேன். அவர் தன் பாதியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை அடித்தார். அன்று முதல் கட்டடத்தில் அவருக்குச் சுண்ணாம்பு வாத்தியார் என்றும் எனக்குப் புல்லுக்கட்டு என்றும் பெயர். அவர் நல்ல மனிதர். என்ன, தான் சொல்வதுதான் விஞ்ஞானம் என்று நினைப்பார். எனக்கும் அதே எண்ணம் உண்டு என்பதால் ஒத்துப்போகவில்லை. சங்கச் செயலாளர் பல் மருத்துவர், எதையும் பிடுங்கினால்தான் அவருக்கு நிம்மதி. "ரெண்டு பேரும் அளந்து காட்டுங்க. இந்தக் கோடை உச்சத்துக்குப் போறதுக்குள்ள முடிவெடுப்போம். எது வீட்டையும் ஊரையும் நல்லா வெச்சிருக்கோ அதை முழுக் கூரைக்கும் போட்டுருவோம். இன்னொண்ணைப் பிடுங்கிருவோம்" என்றார். அளப்பதைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் ஒரு தராசைக்கூட முகத்துக்காக விட்டவனில்லை.

தராசுக்கு இரண்டு தட்டு உண்டு என்பதால், தீமைத் தட்டிலும் உள்ளதை உள்ளபடி வைத்தேன். நீர் புகாத விரிப்பு ஏதோ ஒரு ஆலையில் புகை கக்கித்தான் பிறந்திருக்கும், அதை எழுதினேன். மண் எந்த வயலையோ சுரண்டி, கரும்புகை விடும் லாரியில் வந்தது, அதையும் எழுதினேன். அந்த மண்ணை மேலே ஏற்றிய கதையை மட்டும் சுருக்கமாக எழுதினேன், ஏனென்றால் சம்பந்தப்பட்டவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் எத்தனை மூட்டை தாங்கும் என்று நான் துல்லியமாகக் கணக்குப் போட்டு, அந்தக் கனத்துக்குச் சரியாக மூட்டைகளை அடுக்கினேன். கதவு மூடும் நேரத்தில் செயலாளர் பையும் கையுமாக ஓடிவந்து உள்ளே நுழைந்துவிட்டார். என் கணக்கில் பல் மருத்துவருக்கு இடமில்லை. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளே அவர் கத்த, வெளியே நான் "அசையாதீங்க டாக்டர், அசைஞ்சா எடை மாறும்" என்று கத்த, ஆள் வந்து திறந்தபோது அவர் மூட்டைமேல் மூட்டையாக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தோட்டத்தின்மேல் ஒரு கண். நல்ல கண் இல்லை.

அடுத்தது கசிவு. தோட்டத்துக்கு நான் முதன்முதலாகத் தாராளமாகத் தண்ணீர் விட்ட வாரத்தில், எங்களுக்குக் கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் படர்ந்தது. கட்டடமே ஒன்றுகூடி விரலை மேலே நீட்டியது. செயலாளர் மண்வெட்டியோடு வந்துவிட்டார், நிஜமான மண்வெட்டி மச்சான், பேச்சுக்குச் சொல்லவில்லை. நான் பதறவில்லை. சந்தேகம் இருந்தால் சோதனை, அதுதான் என் துறை. துணிக்குப் போடும் நீலத்தை வாளி வாளியாகக் கரைத்துத் தோட்டம் முழுக்க ஊற்றினேன். கசிவது தோட்டத்துத் தண்ணீர் என்றால் கீழ்வீட்டுச் சுவர் நீலமாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. சுவர் அப்படியே அழுக்கு வெள்ளையாக இருந்தது. குற்றவாளி குளியலறைக் குழாய் என்று பிற்பாடு தெரிந்தது, என் தோட்டம் நிரபராதி. ஆனால் வடிகால் குழாய் வழியாக இறங்கிய நீலத் தண்ணீர், குழாயின் வாய் உடைந்திருந்ததால், காற்றோடு சேர்ந்து கட்டடத்தின் முகப்பிலும் ஒவ்வொரு பால்கனியிலும் உலர்ந்துகொண்டிருந்த துணிகளிலும் தெளித்துவிட்டது. அடுத்த நாள் கட்டடத்தில் பாதிப் பேர் நீலப் புள்ளியோடு வேலைக்குப் போனார்கள். செயலாளரின் வெள்ளைக் கோட்டும் அதில் அடக்கம். "என்னங்க, நிரூபிச்சிட்டீங்க சரி, இப்ப யார் வீட்டுக் கதவையாவது தட்ட முடியுமா நம்மால?" என்றாள் உங்கள் தங்கை. அவளுக்கு எப்போதும் விஞ்ஞானத்தைவிட அக்கம்பக்கம் பெரிது.

நன்மைத் தட்டுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கோடை தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு பெருமழை பெய்தது. வழக்கமாக அப்படி ஒரு மழை பெய்தால் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும், செருப்புகள் கூட்டமாக மிதந்து போகும். இந்த முறை தெரு ஈரமானதோடு சரி. ஏன்? மேலே என் மண் வாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தது மச்சான். மழை விட்ட பிறகும் வெகுநேரம் கொஞ்சம் கொஞ்சமாக, மரியாதையாக, தண்ணீரை வெளியே விட்டது. உங்கள் எருமைக் கனத்தையும் நான் விடவில்லை. ஒரு தட்டு மண்ணைக் காய்ந்தபோதும் எடை போட்டேன், மழையில் ஊறியபோதும் எடை போட்டேன். கூரை தாங்கும் என்று முன்பே பார்த்துச் சொன்ன பொறியாளரின் வரம்புக்குள்ளேயே நின்றது. எருமை இல்லை, கன்றுக்குட்டி. பூ பூத்தது, தேனீ வந்தது, பட்டாம்பூச்சி வந்தது, பெயர் தெரியாத ஒரு சின்னக் குருவி வந்து என்னை யாரென்றே மதிக்காமல் கூடு கட்டியது. பல்லுயிர் பெருக்கத்தை நேரில் பார்வையிடச் செயலாளரை அழைத்தேன். பார்வையிட்டார். குனிந்து பூவை முகர்ந்தார். தேனீ அவர் உதட்டில் கொட்டிவிட்டது. அதன் பிறகு சில நாட்கள் அவர் தன்னிடம் வந்த நோயாளிகளைவிட அதிக வீக்கத்தோடு வேலை பார்த்தார். தேனீ கொட்டுமளவுக்கு வளம் உண்டு என்று அதை நன்மைத் தட்டில்தான் வைத்தேன், அவர் ஆட்சேபித்தும் மாற்றவில்லை.

இனி வெப்பநிலை. வழக்கே இதில்தான் இருந்தது. பணியில் இருந்த காலத்தில், ஒரு கடையில் தராசைத் தொடுவதற்கு முன் நான் முதலில் செய்வது ஃபேனை நிறுத்தச் சொல்வதுதான். காற்றில் தட்டு ஆடும், ஆடுகிற தட்டு பொய் சொல்லும். அதே கறாரை வீட்டிலும் வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரை அளவை நேரம். அந்நேரத்தில் வெளிக்காற்று உள்ளே வந்து கணக்கைக் கெடுக்காதபடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்படும். ஃபேன் நிறுத்தப்படும். நான் மேலே குடையைப் பிடித்துக்கொண்டு இலைச்சூடும் மண்சூடும் எடுப்பேன். கீழே வெப்பமானிக்குப் பொறுப்பு உங்கள் தங்கை. அவளுக்கு உத்தரவு போட்டிருந்தேன்: கருவி அவள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு ஒரு கணமும் நகரக் கூடாது, ஆளில்லாமல் கிடந்த கருவிக்கு நான் எந்தக் காலத்திலும் முத்திரை போட்டதில்லை. சாயங்காலம் நான் இறங்கி வந்ததும் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். புழுக்கம், குளுமை என்று அபிப்பிராயம் எதுவும் சொல்லக் கூடாது, அபிப்பிராயம் ஒட்டுவாரொட்டி, எண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அவள், "என்னங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தாள். "எண்ணா?" என்றேன். "எண் இல்ல, ஒரு விஷயம்" என்றாள். "அப்ப அளவை முடியட்டும்" என்று வாயை அடைத்துவிட்டேன். நடுநிலை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டு நிலைமையைப் பாருங்கள். வாத்தியார் கூடத்தில் வெப்பமானியை மாட்டி, அதே கூடத்தில் மத்தியானம் முழுக்க டியூஷன் மாணவர்களைத் தோளோடு தோள் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "சார், இத்தனை பேர் மூச்சு விட்டா சூடு ஏறாதா?" என்று நானே எதிரியின் நன்மைக்காகக் கேட்டேன். "வீடுன்னா ஆளுங்க இருக்கத்தான் செய்வாங்க. இருக்கிறபடிக்கே அளப்போம் சார், அதுதான் நேர்மை" என்றார். இயற்பியல் படித்தவர்! நான் விட்டுவிட்டேன். பலன்? நாள் தவறாமல் எங்கள் வீடு அவர் வீட்டைவிடக் குளுமை. கொஞ்சநஞ்சமில்லை, சில நாட்களில் நான்கு ஐந்து டிகிரி. எண்களை விடுங்கள். உங்கள் தங்கை இந்தக் கோடையில் ஒருநாள்கூட வெக்கை என்று முகம் சுளிக்கவில்லை. தலைசுற்றல் இல்லை. சாயங்காலம் நான் வியர்த்து விறுவிறுத்துக் கூரையிலிருந்து இறங்கி வந்தால், அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேனைப் போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு டீ போட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மண் சுமந்த முதுகுவலி எல்லாம் பறந்துவிடும். எனக்கு அது போதும் மச்சான். அறிக்கையில் எழுத முடியாத நன்மை அதுதான்.

ஆகவே நேற்றைய கூட்டத்தில் முடிவு ஏகமனதாக வந்தது. முழுக் கூரைக்கும் தோட்டம். வாத்தியாரின் வெள்ளைப் பூச்சு மண்ணுக்கு அடியில் போகிறது, மண் மூட்டைகள் இன்று காலையே வந்து இறங்கியாயிற்று, வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. வாத்தியார் எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, "எண் சொல்லுது, நான் ஏத்துக்கறேன்" என்றார். பெரிய மனசு. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. செயலாளரும் உதட்டைத் தடவிக்கொண்டே கையைத் தூக்கினார். அதற்கும் மேலே ஒரு கௌரவம்: கோடை முடியும்வரை அளவையைத் தொடரும் பொறுப்பை என்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். இனி வாத்தியார் வீட்டிலும் என் முறைதான். பாடம் கீழ்த்தளத்துக்குப் போகிறது. மத்தியானத்தில் அங்கேயும் ஜன்னல் சாத்தப்படும், ஃபேன் நிற்கும்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் தங்கைக்காக ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்ன அந்த அறையில் நீங்கள் தாராளமாகத் துணி காயப்போட்டுக்கொள்ளலாம். அவள் வரமாட்டாள். கோடையின் உச்சம் இனிமேல்தான் வரப்போகிறது, வரட்டும், அவள் தன் வீட்டில், தன் புல்லுக்கு அடியில், சுகமாக இருப்பாள். நேரம் கிடைத்தால் நீங்கள்தான் குடும்பத்தோடு இங்கே வந்து நாலு நாள் குளுமையாக இருந்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் ஏசிகள் வீட்டைக் குளிரவைத்துத் தெருவைச் சுடவைப்பதைப் பற்றி நேரில் பேசுவோம், கடிதத்தில் எழுதினால் அக்கா வருத்தப்படுவார்.

அக்காவுக்கு என் மரியாதையும், பிள்ளைகள் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் தலை நிமிர்ந்து வாழ என் ஆசியும். நீங்கள் கட்டும் கட்டடங்கள் எல்லாம் என் கூரையைப் போல் உறுதியாக நிற்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
குடியிருப்போர் சங்கத்தின் கூரை மதிப்பீட்டாளர் (நேற்று முதல்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், இதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "போட்டி அளவைதான் முடிஞ்சிருச்சுல்ல? இப்ப அந்த விஷயத்தைச் சொல்லலாமா?" என்றாள். சொல் என்றேன்.

"ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திட்டா அந்த ரூம்ல மனுஷி இருப்பாளா? நீங்க மேல போனதும் நான் வாத்தியார் வீட்டுக்குப் போயிருவேன். அவங்க உள் ரூம்ல நானும் அவங்க சம்சாரமும் ஃபேனைப் போட்டுக்கிட்டு நிம்மதியா படுத்துப்போம். நீங்க இறங்கி வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"வெப்பமானி?" என்றேன்.

"கையோட கொண்டு போயிருவேன். எண்ணை அங்கயே பாத்துக் குறிச்சுக்குவேன். என்னை விட்டு நகரவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

உட்கார்ந்துவிட்டேன் மச்சான். இத்தனை நாளும் வாத்தியார் வீட்டு உள்ளறை வாத்தியார் வீட்டுக் கூடத்தைத் தோற்கடித்திருக்கிறது. வென்றது அவருடைய சுண்ணாம்பு, அதுவும் அதே சுண்ணாம்பிடம். என் புல் வீட்டைக் குளிரவைத்ததா, வேகவைத்ததா என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. "மழைத் தண்ணிக் கணக்காவது நிக்கும்ல?" என்று கேட்டேன். "அந்த மழைக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் தெருச் சாக்கடையத் தோண்டி வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்க, நீங்க மேலயே இருந்தீங்க, பாக்கல" என்றாள். குருவிக் கூட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜன்னலை எல்லாம் இப்போதே திறந்துவிடுகிறேன் என்றேன். அவள் அதற்குள் அங்கே கிளம்பப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். "நம்ம வீட்டு ஜன்னலைத் திறந்தா ஆச்சா? அவங்க நல்ல கூரைமேல மண்ணைக் கொட்டப் போறாங்க, அவங்க வீட்டையும் சாத்தப் போறாங்க. இனி நான் எந்த முகத்தோட அங்க போய்ப் படுக்கிறது? சங்கத்துல போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு போன் பண்ணுங்க, வரேன்."

அதனால் இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. கொண்டுவந்தவள் நீங்கள் இதைப் படிக்கும்போது எதிரிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். நீங்களும் சிரித்து முடித்ததும், நான் சங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவளிடம் சொல்லுங்கள். இன்னும் சொல்லவில்லை. அவள் பஸ் அங்கே வந்து சேர்வதற்குள் சொல்லிவிடுவேன், முதலில் வாத்தியாரிடம், பிறகு பல் டாக்டரிடம். இங்கே எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது மச்சான். அவளை அனுப்பி வையுங்கள்.